ஆறு பீப்பும் எட்டாம் இலக்க வீடும்

கசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தியதும் ரிஸ்வானா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் வீட்டு முன்னறை. சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மேசைமேல் ஒரு பழைய கசட் ரெக்கோடர். குருவிட்டயிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி, மடியில் வைத்தே டீச்சர் அதைக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் அவருடைய லெப்டொப். பிள்ளைகளே, உங்கள் அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்து, வைக்க இடமில்லாமல் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

முதலில் ஓர் இரைச்சல். பிறகு கோழிக்குஞ்சு கத்துவதுபோல ஆறு சத்தம். பிறகு வாத்தியம். யாரோ துரத்திக்கொண்டு வருவதுபோல அந்த வாத்தியம் ஓடியது. பிறகு டெலிபோன் மணி, சைக்கிள் மணி மாதிரி. கடைசியில் அந்தக் குரல்.

"நான் இன்னும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறேன்."

பாடசாலைக் கலைவிழாவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை பாட்டுச் சொல்வதுபோல இருந்தது.

டீச்சர் கண்ணைத் திறந்தார். முதலில் சிரித்துவிட்டார். முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார். மூடிய பிறகு அது சிரிப்பாக இல்லை.

"இதா அங்கிள், எங்கட வாப்பா?"



தெளிவு என்று எழுதியது நான்

பிள்ளைகளே, கவிதா, சதீஷ், இந்தத் தொடரை நான் உங்கள் இருவருக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். நீங்கள் கொழும்பிலும் கட்டாரிலும் இருந்துகொண்டு, அப்பா இந்த வாரம் என்ன எழுதினார் என்று போனில் பார்ப்பீர்கள். உங்களைப் போன்ற வேறு பிள்ளைகளும் வாசிக்கிறார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவதை வாசிக்கிறார்களே என்று சந்தோஷம்தான். ஆனால் எழுதியதில் ஒரு பிழை நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

சில வாரங்களுக்கு முன் வானொலி நாடகங்களைப் பற்றி எழுதியபோது ஒரு பெருமை அடித்துக்கொண்டேன். 'எட்டாம் இலக்க வீடு என்ற மர்ம நாடகத்தின் கசட்டுகள் இன்னும் எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும்' என்று எழுதினேன். அதில் டெலிபோன் குரலாக நடித்தவர் எங்கள் பக்கத்து ஆள், புளத்கொகுபிட்டிய சஹீத் என்றும் எழுதினேன்.

அந்த வாரமே பத்திரிகை மூலமாக ஓர் அழைப்பு வந்தது.

"முத்தையா அங்கிளா? நான் சஹீத்ட மகள் பேசறேன்."

வாப்பா இறந்தபோது டீச்சருக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. வீட்டில் ஒரு கல்யாணப் படம் இருக்கிறது. குரல் இல்லை. வானொலி நிலையத்தில் விசாரித்தால் அந்த நாடகம் அங்கே இல்லை என்றார்களாம். டீச்சரின் உம்மா இருந்தவரை ஒரே சொல்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம், "ஒங்கட வாப்பாக்கு சிங்கம் மாதிரிக் கொரல்." அந்த உம்மாவும் இரண்டு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிக் கேட்டுச் சொல்லவும் ஆளில்லை.

"நீங்க தெளிவா ஈக்குன்னு எழுதியிருக்கீங்க அங்கிள். ஒரு தரம் கேட்டாப் போதும்."

வாங்க என்று சொல்லிவிட்டேன். என்னிடம் கசட் போடும் மிஷின் இல்லை என்று மட்டும் சொன்னேன். அதனால்தான் அவர் யாரிடமோ இரவல் வாங்கிச் சுமந்துகொண்டு வந்தார்.

எட்டாம் இலக்க வீடு

அந்த நாடகத்தைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். டீவி வந்த பிறகு பிறந்தவர்கள் நீங்கள்.

கொழும்பில் ஒரு பழைய வீடு. இலக்கம் எட்டு. புருஷனை இழந்த ஒரு பெண் தனியாக அந்த வீட்டில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை டெலிபோன் அடிக்கும். எடுத்தால் ஓர் ஆண் குரல், "நான் இன்னும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறேன்" என்று சொல்லும். அவ்வளவுதான். வைத்துவிடும். ஒவ்வொரு வாரமும் நாடகம் அந்த இடத்தில் முடியும்.

யார் அந்தக் குரல்? வீட்டுக்கு வரும் டாக்டரா? தோட்டக்காரனா? இறந்துபோன புருஷனின் தம்பி ராஜனா? சமையல்காரக் கிழவனா? நடித்தவர்களின் பெயரை ஒவ்வொரு வாரமும் வாசிப்பார்கள். டெலிபோன் குரலுக்கு மட்டும் பெயர் சொல்லமாட்டார்கள். கடைசி வாரம்தான் சொல்வோம் என்று அறிவிப்பாளரே சொல்லிவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில்கூட டெலிபோன் கிடையாது. பெரிய துரையின் பங்களாவிலும் ஆபீசிலும்தான் இருந்தது. இருந்தும் அந்த மணிச்சத்தத்துக்கு எங்கள் வரிசைவீட்டு லயம் முழுக்கப் பயந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள், "நான் இன்னும் இந்த லயத்துக்குள்ளதான் இருக்கேன்" என்று ஒருத்தியை ஒருத்தி பின்னாலிருந்து கூப்பிட்டுக் குடத்தைப் போடவைப்பார்கள்.

நாடகம் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு. அதுதான் உங்கள் அம்மாவுக்கு வந்த சோதனை.

அம்மா பால் வெட்டுகிறவள். எங்களுடையது ரப்பர் தோட்டம். விடியற்காலையில் மரத்தைச் சீவிவிட்டு, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பகல் ஒரு மணிக்குள் பால் நிறுக்கும் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளை ஒரு குட்டி ரேடியோ வைத்திருப்பார். நேரம் பார்க்க மட்டும்தான். ஒரு மணிக்கு வானொலியில் பீப் பீப் என்று ஆறு தரம் அடிக்கும் அல்லவா? அதைக் கேட்டதும் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு ரேடியோவை அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு அரைப் பேர். அதாவது, முழுநாள் வேலை செய்திருந்தாலும் செக்ரோல் கணக்குப் புத்தகத்தில் அரைநாள்.

"நாடகத்து மேளம் 'டொய்ங்'னு ஆரம்பிக்கும். அந்த நேரம் பாத்து அந்த மனுசன் மூடிப்புடுவான்" என்று அம்மா வந்து கத்துவாள்.

எனக்குப் புகைக்கூட்டில் வேலை. ரப்பர் சீட்டைக் காயவைக்க விறகு போடுகிற வேலை. அந்த நேரம் எனக்குச் சோற்று வேளை. லயம் கூப்பிடு தூரம். அதனால் நான் வந்து அவளுக்காக நாடகத்தைப் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்று முடிவானது. மாற்றலாகிப் போன ஒரு தோட்டத்து மேற்பார்வைக் கண்டக்டர் விட்டுப்போன ரேடியோவும் கசட்டும் சேர்ந்த மிஷின் ஒன்று எங்களிடம் இருந்தது.

"பீப் அடிக்கிறதுக்கு முன்னாடியே அமுக்கிடுங்க. மொதல் பேச்சு போயிருச்சுன்னா எனக்கு ஒண்ணும் வெளங்காது" என்பது அம்மாவின் கட்டளை. அப்படியே செய்தேன். எந்தக் கசட்டை எடுத்தாலும் முதலில் அந்த ஆறு பீப் இருக்கும். பின்னால் அதனால் என்ன வந்தது என்று சொல்கிறேன்.

டின்பால் டின்னில் ஒரு பெல்ட்

நாடகம் தொடங்கிய இரண்டாவது வாரம் மிஷினின் பெல்ட் அறுந்துபோனது.

கசட் சுற்றுவதற்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் உண்டு. மோட்டரிலிருந்து சக்கரத்துக்கு ஓடும். டவுனில் ரேடியோ திருத்துகிற பாஸ் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பெல்ட் நே", இல்லை என்றார். கொழும்பிலிருந்து வரவேண்டும், மாதக்கணக்கு ஆகும்.

மாதக்கணக்கு! அடுத்த சனிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

திரும்பி வரும் வழி முழுக்க ரப்பர் மரங்கள். ஊருக்கெல்லாம் ரப்பர் அனுப்புகிறவன் நான், ஒரு வளையத்துக்கா கொழும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது? அன்றைக்கே பால் ஸ்டோரில் ஒரு சிரட்டை பால் எடுத்தேன். காலியான டின்பால் டின் ஒன்றைக் கழுவித் துடைத்துப் பாலில் முக்கினேன். காயவைத்தேன். மறுபடி முக்கினேன். புகைக்கூட்டில் சீட்டுகளுக்குப் பக்கத்தில் அந்த டின்னையும் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் அது தேன் நிறத்துக்கு வந்தது. சவர பிளேட்டால் டின்னைச் சுற்றி ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு. வளையம் கழன்று வந்தது.

மிஷினில் போட்டேன். சுற்றியது! வீடு முழுக்கப் புகைக்கூட்டு வாசம். அம்மா கையைத் தட்டினாள். இஞ்சினியரைக் கட்டிக்கொண்டதாக அன்றைக்கு லயம் முழுக்கச் சொன்னாள்.

தோட்டத்தில் அதைப் பார்க்க வந்தவர்களுக்கு அளவில்லை. ஒருவருக்கும், எனக்கும்தான், ஒரு விஷயம் தோன்றவில்லை. கையால் செய்த பெல்ட் இளகும், வழுக்கும். அப்போது கசட் ஓடவேண்டிய வேகத்தில் ஓடாது, மெதுவாகத்தான் ஓடும்.

மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான மிஷினில் போட்டால் வேகமாகப் பேசும், கீச்சென்று கேட்கும். ஆனால் நான் என் மிஷினில் பதிந்து, அதே மிஷினில்தான் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அதே பெல்ட், அதே மெதுவு. ஒரு பிழை மற்றப் பிழையை மறைத்துவிட்டது. இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது.

கடைசி நாடகம் முடிந்த கிழமை பெல்ட் ஒட்டுப்பால் மாதிரி உருகிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டது. பாஸ் திறந்து பார்த்துவிட்டு, "மெஷின் எகட்ட ரபர் கஹக் தாலத?" என்றார். மிஷினுக்குள் ரப்பர் மரத்தையா வைத்தாய் என்று கேட்டார். சிரித்தார். மிஷின் அதோடு முடிந்தது. கடைசிக் கசட்டை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்கவில்லை.

கசட்டுகள் டின்னுக்குப் போயின. அவற்றில் முதல் இரண்டு, உங்கள் மாமாவால் அழிந்தன. காமன்கூத்துப் பாட்டைப் பதிய வேறு கசட் கிடைக்கவில்லை என்று எடுத்துப் பதிந்துவிட்டார். அதற்காக அம்மா அவரோடு ஒரு வருடம் பேசவில்லை. மிச்சம் நாலு கசட்.

துணிக்கடையில் ஒருநாள்

கடைசி வாரம் குரலின் பெயரைச் சொன்னார்கள் என்றேன் அல்லவா? நம் டவுன் துணிக்கடையில் வேலைசெய்த சஹீத்தான் அது என்று தெரிந்ததும் அந்தக் கடைக்குக் கூட்டம் கூடியது. நாங்களும் போனோம். பாவாடைத்துணி எடுக்க என்று சாக்கு.

மெலிந்த ஆள். காதில் பென்சில். எங்களுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"அந்தக் கொரலுக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே" என்று அம்மா என் காதில் சொன்னாள். பிறகு தைரியம் வந்து, "தம்பி, அதக் கொஞ்சம் சொல்லிக் காட்டுங்களேன்" என்றாள்.

அவர் வெட்கப்பட்டார். துணியை அளவுகோலால் அளந்துகொண்டே இருந்தார். அம்மா வேறு பக்கம் பார்த்த நேரம், குனிந்து, மெதுவாக, "நான் இன்னும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறேன்" என்றார்.

அம்மா துணியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடுத்த வருடம் காய்ச்சலில் அவர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

இதை டீச்சரிடம் சொன்னபோது, காதில் எந்தப் பக்கம் பென்சில் என்று கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. "வலப்பக்கம்" என்று அம்மா உடனே சொன்னாள்.

இரண்டு வாப்பா

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கீச்சுக்குரலைக் கேட்டதும் எனக்குப் பெல்ட் ஞாபகம் வந்தது. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் கோபிக்கவில்லை. "அப்ப கொரல் உள்ளுக்கு ஈக்கு. வேகந்தான் பிழை" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கணித டீச்சர். கசட்டை லெப்டொப்புக்கு ஏற்றினார். சத்தத்தைக் கோடு கோடாகப் படம் போட்டுக் காட்டுகிற ஏதோ ஒன்று அதில் இருந்தது. வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் முடியும்.

"நீங்க நேர்ல கேட்டவங்க. சரியான எடம் வந்ததும் சொல்லுங்க."

குறைத்துக் குறைத்து வந்தார். ஓரிடத்தில் நான் கையைத் தூக்கினேன். "இதுதான் டீச்சர்."

"இல்லவே இல்ல" என்றாள் அம்மா. "இன்னும் கட்டையா இருக்கும். எறக்குங்க."

"ஒனக்கு என்னா தெரியும்? பதிஞ்சவன் நானு."

"நீங்க பதிஞ்சீங்க. கேட்டவ நானு. ஒவ்வொண்ணையும் பத்துவாட்டி கேட்டேன்."

"பத்துவாட்டி கேட்டும் வில்லன் யாருன்னு தெரியல."

"ஏன் தெரியல? புருசனோட தம்பிதான்னு நாந்தான் மொதல்ல சொன்னேன். நீங்கதான் நம்பல."

இது எங்கள் வீட்டில் எவ்வளவு காலமாக ஓடும் சண்டை என்று உங்களுக்குத் தெரியும்.

டீச்சர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அங்கிள், ஆன்டி, நீங்க ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு வாப்பாவத் தாறீங்க. எனக்கு ஒண்டுதான் வேணும்."



வெளியே யாரோ மூன்றுசக்கர வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கசட்டை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார். கோழிக்குஞ்சு மாதிரி அந்த ஆறு சத்தம்.

அம்மா திடீரென்று, "இத என்னா இம்புட்டு அவசரமா அடிக்குது?" என்றாள். "அந்தக் கணக்கப்பிள்ளை இருக்கானே, இந்த பீப்ப வச்சித்தான் எங்களுக்கு அரைப் பேர் போட்டான். ஒண்ணுக்கு ஒண்ணு சரியா ஒரு செக்கன்னு கைக்கடிகாரத்தக் காட்டிக் காட்டிச் சொல்லுவான். ஒரு நாளும் கூடாது, கொறயாது. இப்பிடி வேகமா அடிச்சிருந்தா அவனுக்குக் கொண்டாட்டமால்ல இருந்திருக்கும்."

டீச்சர் அம்மாவையே பார்த்தார். "ஆன்டி, ஒரு பீப்புக்கும் மத்த பீப்புக்கும் ஒரு செக்கனா?"

"ஆமா. வாளியத் தூக்கிக்கிட்டு அந்த ஆறு பீப்புக்குள்ள எத்தனவாட்டி ஓடியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

ஆறு பிஸ்கட்

பிறகு வேலை வேகமாக நடந்தது. டீச்சர் படத்தில் முதல் பீப் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டார். கடைசி பீப் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு. "இங்கேந்து இங்க மட்டும் நாலு செக்கன்தான் ஈக்கு. எவ்வளவு ஈக்கோணும்?"

"ஆறு பீப், ஆறு செக்கன்" என்றேன் நான். "ஆறுக்கு நீட்டுங்க."

நீட்டினார். மணி அடித்தது. இந்தமுறை சைக்கிள் மணி இல்லை, டெலிபோன் மணிதான், கொஞ்சம் தூங்கி வழிந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது.

அடடா! சுவருக்குள்ளிருந்து வருவதுபோல, கனமாக, ஆழமாக. கொஞ்சம் இழுத்தது. வில்லன் என்றால் இழுத்துத்தானே பேசுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இதேதான்! இதுதான்!" அம்மா கையை நீட்டிக் காட்டினாள். "மயிர் நிக்குது பாருங்க."

டீச்சர் மூன்று தரம் போட்டுக் கேட்டார். "உம்மா சொன்ன மாதிரியே ஈக்கு" என்றார். கண் நிறைந்துவிட்டது. "சிங்கந்தான்."

எனக்கு மனது குளிர்ந்தது. நான் எழுதியது பொய்யாகவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். அம்மா மேசையில் இடம் பார்த்து பிஸ்கட் தட்டை வைத்தாள்.

டீச்சர் ஒரு பிஸ்கட் எடுத்தார். சாப்பிடவில்லை. மேசையில் வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக ஆறு பிஸ்கட். இடையில் இருந்த இடத்தை விரலால் தொட்டுக்கொண்டு போனார்.

"அங்கிள், பிழைச்சுப் போச்சு."

"என்ன பிழை? நல்லாத்தானே இருக்கு."

"ஆறு பீப். நடுவுல எடவெளி எத்தன? எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். ஐந்து.

"நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் படிச்சிக் குடுக்கிறது இது. வேலிக்கட்டை ஆறுண்டா, எட அஞ்சு. ஆறு செக்கன் இல்ல, அஞ்சுதான். நாங்க வாப்பாவ ஒரு செக்கன் கூட இழுத்துட்டோம்."

பிள்ளைகளே, அந்த அறையில் அது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. டீச்சர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவர் பேசாமல் இருந்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் அந்தச் சிங்கக்குரலோடு சந்தோஷமாகச் சோறு சாப்பிட்டிருப்போம்.

அம்மாவுக்கு அந்தக் குரலை விட மனமில்லை. "ஒரு செக்கன்தானே டீச்சர். விட்டுருங்களேன். உம்மா சொன்ன மாதிரியே இருந்திச்சே."

டீச்சர் பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் திரும்ப வைத்தார்.

"சிங்கம் வேணாம் ஆன்டி. வாப்பா வேணும்" என்றார்.

ஐந்துக்கு மாற்றினார். பொத்தானை அழுத்தினார்.

மணி அடித்தது. சரியான டெலிபோன் மணி. பிறகு ஒரு வாலிபனின் குரல். கனமில்லை. கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். பயமுறுத்த வேண்டும் என்று கவனமாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தது. 'வீட்டுக்குள்தான்' என்ற இடத்தில் மூச்சுப் போதாமல் சின்னதாக ஒரு மூச்சு வாங்கியது.

அம்மா லெப்டொப் பக்கம் குனிந்தாள்.

"ஏங்க," என்றாள். "துணிக்கடைங்க. குனிஞ்சி சொன்னாரே, அதுங்க."

ஆமாம். அதேதான். எங்கள் பெல்ட் இளக இளக, ஒவ்வொரு தரம் போட்டுக் கேட்கும்போதும் குரல் கட்டையாகிக்கொண்டே போயிருக்க வேண்டும். அம்மா கேட்ட சிங்கத்தை டின்பால் டின்னில் செய்தவன் நான்தான். மனுஷன் கடையில் எங்கள் முன்னால் தன் குரலில் பேசியபோது, குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

கடைசிக் கசட்

ஒவ்வொரு கசட்டிலும் பெல்ட் ஒவ்வொரு மாதிரி வழுக்கியிருந்தது. அதனால் டீச்சர் ஒவ்வொன்றின் பீப்பையும் தனித்தனியாக அளந்தார். கடைசிக் கசட்தான் ஆக மோசம். அளந்து சரிசெய்து போட்டால், நாடகத்துக்கு முன் மழை கேட்டது. தகரத்தில் விழுகிற மழை. அன்றைக்கு மழை என்று பால்வெட்டு இல்லை, அம்மா வீட்டில் இருந்தாள். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

நாடகத்தில் அந்தப் பெண் மேல்மாடிப் படியில் ஏறுகிறாள். கதவு கிரீச்சிடுகிறது. அந்த நேரம், ரேடியோவைவிடச் சத்தமாக, ஓர் இளம் பெண்ணின் குரல்.

"டாக்டர்தாங்க! டாக்டர்தான்! நான் அன்னைக்கே சொல்லல?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சன்னலைப் பார்த்தாள்.

"அது நான் இல்ல" என்றாள்.

டீச்சர் சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டார்.

கதவு திறந்தது. உள்ளே புருஷனின் தம்பி ராஜன். டெலிபோன் குரலும் அவன்தான். நாடகம் முடிந்து, அறிவிப்பாளர் பெயர்களை வாசித்தார். கடைசியாக, "ராஜனாகவும், இத்தனை வாரமும் உங்களைப் பயமுறுத்திய தொலைபேசிக் குரலாகவும் நடித்தவர், புளத்கொகுபிட்டிய சஹீத்" என்றார்.

அதற்குப் பின் மழைக்குள் என் குரல், "அடியே, நம்ம ஊர் ஆளுடி!" என்றது. பிறகு டக் என்று நின்றுவிட்டது.

டீச்சர் அந்தப் பெயர் சொல்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். பிறகு சொன்னார்:

"வாப்பாக்கு அப்ப இருபத்தேழு வயசு. நான் அதத் தாண்டி எவ்வளவு வருசமாச்சு. நான் பெரிய ஆளொருத்தர்ட கொரலத் தேடிட்டு இருந்தேன் அங்கிள். இவர் என்ட தம்பி மாதிரி ஈக்காரு."

மழையையும் எங்கள் சத்தத்தையும் லெப்டொப்பில் அழித்துவிடலாமாம். அழிக்கவா என்று டீச்சரே அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு ஆசைதான். டாக்டர் என்று கத்திய சாட்சி போய்விடும். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் டீச்சர், "இல்ல, கெடக்கட்டும். நீங்க இப்பிடிக் கத்திக் கத்திக் கேட்டதாலதானே ஆன்டி இது இன்னும் ஈக்கு" என்றார். எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு விளங்கியது போலிருந்தது. இரண்டாம் முறை தேத்தண்ணி ஊற்றினாள்.

நாலு கசட்டையும் பிஸ்கட் டின்னோடு டீச்சரிடமே கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் கொடுத்ததற்குக் கோபிக்காதீர்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கண்ணாடி மாதிரித் தெளிவு என்று முன்பு எழுதியிருந்தேன். அப்படி இல்லை. சஹீத் அவர்களின் குரல் சிங்கம் மாதிரி என்று யாராவது சொன்னால் அதுவும் அப்படி இல்லை.

டீச்சர் வீடுபோய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். இரண்டு பெண்பிள்ளைகளையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாராம்.  சின்னவளுக்கு ஐந்து வயது. இது உம்மாட வாப்பா, ஒங்கட அப்பா என்று சொல்லித்தான் போட்டாராம். அவர்கள் உம்மாவின் தகப்பனை அப்பா என்றுதான் சொல்வார்கள்.

"நான் இன்னும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறேன்" என்றதும் சின்னவள் எழுந்து போனாளாம். பயந்துவிட்டாளோ என்று டீச்சர் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். பயப்படவில்லை. ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்து தேடிக்கொண்டிருந்தாளாம்.